பாறையில் எழுதிய பெயர்கள்: சுற்றுலா மலைகளில் விளம்பரம் நுழைந்த வரலாறு

மலை, அருவி, கடற்கரை, பனிச்சறுக்குச் சரிவு போன்ற இடங்களுக்கு மக்கள் போவது கடைத்தெருவை விட்டு இரண்டு நாள் விலகி இருப்பதற்காக. ஆனால் மக்கள் கூட்டமாகப் போகும் வழியெல்லாம் கடைத்தெருவும் பின்னாலேயே வந்துவிடுகிறது. ரயில் வந்த காலத்தில் மருந்துப் புட்டியின் பெயர் பாறையில் ஏறியது. கார் வந்ததும் சாலையோரம் பலகைகள் முளைத்தன. பனிச்சறுக்கு விளையாட்டு பெருகியபோது சரிவின் மேலேயே நிறுவனப் பெயர்கள் தொங்கத் தொடங்கின. ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்ப்பும் எழுந்தது. அந்த எதிர்ப்புகளுக்கு அடியில் இருந்த கேள்வி ஒன்றுதான்: நிலத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார், அந்த நிலத்தின் மேல் விரியும் காட்சிக்கு உரிமையாளர் யார்?

மருந்து வியாபாரிகளும் நயாகராவும்

அமெரிக்காவில் 1860-களில் செய்தித்தாள் விளம்பரத்தை அதிகம் நம்பியிருந்தவர்கள் மருந்து வியாபாரிகள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்று சொல்லி விற்கப்பட்ட அந்தப் புட்டிகளில் பலவற்றில் சாராயமே பெரும்பகுதி. அவர்களுள் பி. எச். டிரேக் என்பவர் ‘பிளாண்டேஷன் பிட்டர்ஸ்’ என்ற கசப்புச் சாற்றை விற்றார். அவருடைய விளம்பரத்தில் மருந்தின் குணம் எதுவும் இருக்காது. ‘எஸ்.டி. 1860 எக்ஸ்’ என்று மட்டும் இருக்கும். வேலி, களஞ்சியச் சுவர், ரயில் பாதையோரப் பாறை என்று எங்கும் இதே எழுத்துகள். இதற்கு என்ன பொருள் என்று பயணிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்தப் பேச்சுதான் டிரேக்குக்கு வேண்டியிருந்தது. பென்சில்வேனியாவில் ரயில் பயணிகள் கண்ணில் படும்படி ஒரு மலைச்சரிவின் மரங்களையே வெட்டி, இந்த எழுத்துகளைக் காட்டுக்குள் உருவாக்கினார் என்று விளம்பர வரலாற்று நூல்களில் சொல்லப்படுவதுண்டு.

பாறையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பது எளிதில் புரியும். வாடகை இல்லை. காகிதச் சுவரொட்டியைப் போல மழையில் கரையாது. ஆளி விதை எண்ணெயில் குழைத்த வெள்ளைப் பூச்சு ஆண்டுக்கணக்கில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அழகான இடத்தில் ரயில் பயணி தானாகவே தலையைத் திருப்பி வெளியே பார்ப்பார். அவரைப் பார்க்க வைக்க வியாபாரி ஒரு காசு கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. அந்த வேலையை மலை செய்து கொடுத்துவிட்டது.

நயாகரா அருவியில் இந்தப் போக்கு உச்சத்தை எட்டியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அருவியைச் சுற்றியிருந்த கரை நிலம் தனியாரிடம் இருந்தது. ஆலைகளும் கடைகளும் நெருக்கி நின்றன, வேலிகள் போடப்பட்டன, காசு கொடுத்தால்தான் அருவியைச் சரியாகப் பார்க்க முடியும் என்ற நிலை உருவானது. கண்ணைப் பறிக்கும் விளம்பரப் பலகைகளும் சேர்ந்துகொண்டன. ‘நயாகராவை விடுவிப்போம்’ என்ற இயக்கம் இதற்கு எதிராகத் தோன்றியது. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவை வடிவமைத்தவர்களில் ஒருவரான பிரடெரிக் லா ஓம்ஸ்டெட் இதில் முன்னின்றார். 1883-இல் நியூயார்க் மாநிலம் நிலத்தைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. 1885 ஜூலை 15 அன்று அருவிக்கரை பொதுமக்களுக்குக் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. எதிர்க்கரையில் கனடாவும் 1888-இல் விக்டோரியா மகாராணி பூங்காவைத் திறந்தது.

நயாகராவின் தீர்வு நேரடியானது: காட்சியைக் காக்க வேண்டுமானால் நிலத்தை விலைக்கு வாங்கிவிடு. ஓர் அருவிக்கு இது சரி. ஒரு நாட்டில் உள்ள ஒவ்வொரு குன்றையும் செங்குத்துப் பாறையையும் அரசு வாங்க முடியுமா? வாங்காமலே காப்பதற்கு வேறு வழி வேண்டியிருந்தது. அந்த வழியைத் தேடியதில் பிரிட்டன் முந்திக்கொண்டது.

டோவரின் வெண்பாறை

1893-இல் லண்டனில் ‘பொது விளம்பர முறைகேடுகளைத் தடுக்கும் சங்கம்’ தொடங்கப்பட்டது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் ரிச்சர்ட்சன் எவன்ஸ் என்ற பத்திரிகையாளர். விளம்பரமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. கடையில் இருக்கட்டும், பத்திரிகையில் இருக்கட்டும். வயல்வெளியிலும் குன்றிலும் வேண்டாம் என்றார்கள். தொடக்கத்தில் இவர்களை அழகுப் பித்தர்கள் என்று பலர் கேலி செய்தனர். ஒருவர் தம் நிலத்தில் தம் விருப்பப்படி பலகை வைப்பதை யார் தடுக்க முடியும் என்ற வாதம் அக்காலத்தில் மிக வலுவானது.

அந்த வாதத்தை ஆட்டம் காண வைத்ததில் ஓர் ஓட்ஸ் கஞ்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. 20-ஆம் நூற்றாண்டு பிறக்கும் வேளையில், குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் டோவர் நகரின் சுண்ணாம்புப் பாறைச் சரிவில் கப்பலில் வருவோர் படிக்கும் அளவுக்குப் பெரிய விளம்பரத்தை நிறுவியது. டோவரின் வெண்பாறை என்பது ஆங்கிலேயருக்கு வெறும் பாறை அன்று. கடல் கடந்து வீடு திரும்புபவர் முதலில் காண்பது அதைத்தான். ஆனால் அகற்றச் சொல்லப் போனபோது நகராட்சியின் கையில் சட்டம் இல்லை. அதிகாரம் பெற நாடாளுமன்றம் வரை போய், டோவர் நகருக்கென்றே தனிச் சட்டம் வாங்க வேண்டியிருந்தது.

ஊருக்கு ஊர் இப்படித் தனிச் சட்டம் வாங்கிக்கொண்டிருக்க முடியாது. 1907-இல் பிரிட்டன் முழுமைக்குமாக விளம்பர ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. பொதுப் பூங்கா அல்லது உலாவும் இடத்தின் இன்பத்தைக் கெடுக்கும் விளம்பரத்தையும், நிலக்காட்சியின் இயற்கை அழகைச் சிதைக்கும் விளம்பரத்தையும் தடுக்க உள்ளாட்சிகளுக்கு அது அதிகாரம் கொடுத்தது. இன்று படிக்கும்போது சாதாரணமாகத் தோன்றும் இந்த வாசகம் அன்று பெரிய திருப்பம். ஒரு பிடி மண்ணைக்கூட அள்ளாமல், ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், பார்வைக்கு மட்டும் தீங்கு செய்ய முடியும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது. நில உரிமையும் காட்சி உரிமையும் இங்கேதான் பிரிகின்றன.

ஹவாயிலும் வெர்மான்ட்டிலும்

ஹவாய்த் தீவுகளில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். 1912-இல் ஹொனலுலுவில் அவர்கள் தொடங்கிய ‘அவுட்டோர் சர்க்கிள்’ என்ற அமைப்பு, பலகை வைக்கும் நிறுவனங்களின் பொருள்களை வாங்க மறுத்தது. தீவில் எஞ்சியிருந்த பலகை நிறுவனத்தையே கடைசியில் விலைக்கு வாங்கி மூடியது. 1927-இல் தடைச் சட்டம் வந்தது. வீட்டு மளிகைப் பட்டியலை எழுதும் கை யாருடையதோ அவர்களே போராட்டத்தில் இறங்கியதால் நிறுவனங்கள் பணிந்தன என்று கொள்ளலாம்.

அமெரிக்கப் பெருநிலத்தில் வெர்மான்ட் மாநிலத்தின் கதை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது பனிச்சறுக்கை நம்பி வாழும் மாநிலம். அமெரிக்காவில் பனிச்சறுக்கு வீரர்களை மேலே இழுத்துச் செல்லும் முதல் இழுகயிறு 1934-இல் வெர்மான்ட்டின் உட்ஸ்டாக் ஊரில், ஒரு விவசாயியின் மேய்ச்சல் சரிவில் ஓடியது. அதை ஓட்டியது ஒரு பழைய ஃபோர்டு காரின் எஞ்சின். அடுத்த முப்பது ஆண்டுகளில் மலைக்கு மலை சறுக்குமிடங்கள் வந்தன. நகரங்களிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை கார்கள் வரிசையாக ஏறின. அந்தச் சாலைகளின் இருபுறமும் விடுதி, உணவகம், சறுக்குமிடம், பெட்ரோல் பங்க் ஆகியவற்றின் பலகைகள் நின்றன.

1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் நெடுஞ்சாலை அழகூட்டல் சட்டத்தில் கையெழுத்திட்டார். அவர் மனைவி லேடி பேர்ட் ஜான்சன் இதற்காக மிகவும் உழைத்தவர். சாலை ஓரத்திலிருந்து 660 அடிக்குள் பலகைகளைக் கட்டுப்படுத்துவது சட்டத்தின் நோக்கம். ஆனால் வணிகப் பகுதிகளுக்கு விலக்கு, அகற்றினால் இழப்பீடு என்று பல ஓட்டைகள் இருந்தன. வெர்மான்ட் இதோடு நிற்க விரும்பவில்லை. டெட் ரீல் என்ற குடியரசுக் கட்சிச் சட்டமன்ற உறுப்பினரின் முயற்சியால் 1968-இல் அம்மாநிலம் சாலையோரப் பலகைகளை அறவே தடை செய்தது. கடை தன் வாசலில் பெயர் எழுதிக்கொள்ளலாம். வேறு இடத்தில் வைக்கக் கூடாது. இருந்த பலகைகள் சில ஆண்டுகளில் இறக்கப்பட்டன.

இங்கே எதிர்த்தவர்களின் கவலையையும் கேட்க வேண்டும். பெரிய சறுக்குமிடத்துக்குப் பெயர் இருக்கிறது. யாரும் தேடிக்கொண்டு போவார்கள். கிளைச் சாலையில் எட்டு அறை வைத்து விடுதி நடத்துபவர் என்ன செய்வார்? இரவில் பனி பொழியும்போது அறை தேடி வரும் குடும்பத்துக்கு அவர் இருப்பதே தெரியாது. இந்த அச்சம் பேராசையால் வந்ததன்று. சட்டம் இதற்கு ஒரு மாற்று வைத்தது: எல்லா வியாபாரங்களுக்கும் ஒரே அளவில், ஒரே வகையில் சிறிய அரசு வழிகாட்டிப் பலகை. பெரியவருக்கும் அதே பலகை, சிறியவருக்கும் அதே பலகை. பக்கத்துக்காரர் இருபது அடிப் பலகை வைத்ததால்தான் நாம் இருபத்தைந்து அடி வைக்க வேண்டியிருந்தது. அவருடையதும் இறங்கிவிட்டால் நமக்கும் அந்தச் செலவு மிச்சம். வெர்மான்ட்டின் சுற்றுலா இதனால் படுத்துவிடவில்லை. பலகை இல்லாத மலைச்சாலை என்பதே அம்மாநிலத்தின் விளம்பரமாகிவிட்டது. மெய்ன் 1977-இலும், அலாஸ்கா 1998-இல் மக்கள் வாக்கெடுப்பிலும் இதே வழியில் சென்றன.

சரிவின் மேல்

சாலையோரத்தைச் சுத்தமாக்கிய பின்னும் சரிவு என்ற இடம் எஞ்சுகிறது. அதன் கதை சற்றுச் சிக்கலானது, ஏனெனில் பல சறுக்குமிடங்கள் தொடக்கத்திலேயே விளம்பரத்துக்காக உருவானவை. ஐடஹோவின் சன் வேலியை 1936-இல் கட்டியது யூனியன் பசிபிக் ரயில்வே நிறுவனம். பயணச்சீட்டு விற்க ஓர் இடம் வேண்டும் என்பதே காரணம். ‘சூரியப் பள்ளத்தாக்கு’ என்ற அந்தப் பெயரே ஒரு விளம்பர நிபுணர் யோசித்து வைத்தது. உலகின் முதல் சேர்லிஃப்ட் அங்கேதான் ஓடியது. கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கிக் கம்பியைப் பார்த்துப் பழகிய ஜேம்ஸ் கர்ரன் என்ற பொறியாளர், கொக்கியில் தாருக்குப் பதில் நாற்காலியை மாட்டினார்.

அந்த நாற்காலிதான் பின்னாளில் விளம்பரக்காரர்களுக்குக் கிடைத்த வரம். நாற்காலியில் தொங்கிக்கொண்டு மேலே போகும் பத்து நிமிடமும் மனிதர் எழுந்து போக முடியாது, கையுறைக்குள் இருக்கும் கையால் வேறெதுவும் செய்யவும் முடியாது. எதிரே வரும் கம்பங்களையும், மடியின் மேல் இறங்கும் தடுப்புக் கம்பியையும் பார்த்தே ஆக வேண்டும். கம்பத்தைச் சுற்றியுள்ள மெத்தை உறை, தடுப்புக் கம்பி, சரிவின் உச்சியில் நிற்கும் வரைபடப் பலகை எல்லாம் ஒவ்வொன்றாக விற்பனைக்கு வந்தன. வரைபடத்தை இலவசமாக அச்சிட்டுத் தருகிறோம், ஓரத்தில் எங்கள் காரின் படம் இருக்கட்டும் என்பது வழக்கமான பேரம்.

விளையாட்டுக்குள்ளும் இதே காலத்தில் ஒரு போர் நடந்தது. சர்வதேச ஒலிம்பிக் குழுத் தலைவர் ஏவரி பிரண்டேஜ், வீரர்களின் சறுக்குக் கட்டைகளில் உற்பத்தியாளர் பெயர் தெரிவதைக் கடுமையாக எதிர்த்தார். 1968 கிரனோபிள் போட்டியில் பெயர்களை அழிக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்து, பிறகு பந்தயம் முடிந்ததும் படம் பிடிக்கும் முன் கட்டைகளை வாங்கிவிடுவது என்ற சமரசத்தில் முடிந்தது. அதுவும் சரியாக நடக்கவில்லை. 1972-இல் சப்போரோ போட்டி தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, ஆஸ்திரியாவின் கார்ல் ஷ்ரான்ஸ் வணிகத் தொடர்புக்காக 28-க்கு 14 என்ற வாக்கில் விலக்கப்பட்டார். மற்ற வீரர்களும் அதையே செய்துகொண்டிருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வியன்னா திரும்பிய ஷ்ரான்ஸை வரவேற்கப் பெருங்கூட்டம் தெருக்களை நிறைத்தது. பிரண்டேஜ் அதே ஆண்டு ஓய்வு பெற்றார். கட்டைகளில் பெயர்கள் தங்கிவிட்டன. இந்த விஷயத்தில் பிரண்டேஜின் கோபம் தவறான இடத்தில் இறங்கியது என்றே தோன்றுகிறது. வீரர் தம் உடம்பையும் உழைப்பையும் விற்றார். மலையை யார் விற்றார்கள் என்று அவர் கேட்கவில்லை.

அது கேட்கத் தக்க கேள்வி. அமெரிக்காவில் 120-க்கும் மேற்பட்ட சறுக்குமிடங்கள் தேசியக் காடுகளில், அதாவது பொது நிலத்தில், அனுமதி பெற்று இயங்குகின்றன. டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர் நிறுவனத்தின் விருந்தாளி; ஆனால் கண் எதிரே விரியும் சிகரத்துக்கு நிறுவனம் வெறும் குத்தகைதாரர். நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. அமெரிக்கச் சரிவுகளில் பச்சை வட்டம் எளிய பாதை, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். வேகமாக இறங்கும் ஒருவர் இந்தக் குறிகளை நொடியில் பிரித்தறிய வேண்டும். வண்ண வண்ணப் பதாகைகள் நடுவே அவை தொலைந்தால், கெடுவது அழகு மட்டுமாக இருக்காது.

ரோத்தாங்

இந்தியாவில் இந்த வரலாற்றின் முக்கிய நிகழ்ச்சி இமாசலப் பிரதேசத்தில் நடந்தது. மணாலியிலிருந்து ரோத்தாங் கணவாய்க்கு ஏறும் பழைய சாலை சுமார் 51 கிலோமீட்டர். கணவாயின் உயரம் 3,978 மீட்டர். சமவெளியில் கத்திரி வெயில் கொளுத்தும்போதும் மேலே பனி கிடைக்கும் என்பதால், பனியையே பார்த்திராத குடும்பங்கள் வாடகைக்குக் கம்பளிக் கோட்டும் ரப்பர் பூட்ஸும் எடுத்துக்கொண்டு ஏறுவார்கள். மணாலிக்கு அருகே சோலாங் பள்ளத்தாக்கில் பனிச்சறுக்குச் சரிவுகளும் உள்ளன. மேலே போகப் போக மரங்கள் நின்றுவிடும். சுவர் இல்லை, மின்கம்பம் அரிது. எழுதுவதற்கு மிஞ்சுவது பாறை மட்டுமே.

2002-இல் அந்தச் சாலையோரப் பாறைகளில் கோகோ கோலா, பெப்சி உள்ளிட்ட நிறுவனங்களின் விளம்பரங்கள் வரையப்பட்டிருப்பதை இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் வெளியிட்டது. செய்தியைப் படித்த உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டு, நிறுவனங்களுக்கும் மாநில அரசுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. யாரும் மனுப் போடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சாலையில் ஒவ்வொரு கோடையிலும் ஆயிரக்கணக்கானோர் அந்த எழுத்துகளைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். பாறைக்காக வழக்குப் போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. திறந்தவெளிகளைச் சீர்குலைப்பதைத் தடுக்க இமாசலத்தில் 1985-இலேயே தனிச் சட்டம் இருந்தது. காட்டு நிலத்தை வேறு பயனுக்குத் திருப்ப மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்று 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாறையில் வண்ணம் பூசுவது ‘வேறு பயன்’ ஆகுமா என்பது சுவையான சட்டக் கேள்வி. ஒரு செடியைக்கூடப் பிடுங்காத வேலை அது. டோவரில் எழுந்த அதே கேள்வி நூறாண்டு கழித்து இமயத்தில் எழுந்தது என்று சொல்லலாம்.

ஆனால் ரோத்தாங்கில் இதற்கு இன்னொரு விடையும் உண்டு. அது அழகைப் பற்றியதன்று. அந்தப் பாறைகள் உயிரற்றவை அல்ல. அவற்றின் மேல் லைக்கன் என்னும் பாசிப்பூஞ்சையும் பாசிகளும் படர்ந்திருக்கும். செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியும் ஒருவகை லைக்கன்தான். குளிர்ந்த உயர்மலையில் இது ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில், சில வகைகளில் அதிலும் குறைவாக வளரும். பாறையை மெல்ல அரித்து மண்ணாக்கும் முதல் வேலையைச் செய்வது இதுவே. எண்ணெய்ப் பூச்சு அதன் ஒளியையும் காற்றையும் அடைத்துவிடுகிறது. சரி, அழித்துவிடலாம் என்றால், கம்பித் தூரிகையும் கரைப்பான் திரவமும் எஞ்சியிருக்கும் படலத்தையும் சேர்த்தே உரித்துவிடும். எழுதுவதற்கு ஒரு காலைப்பொழுது போதும். பழைய நிலைக்குப் பாறை திரும்ப ஒரு மனித ஆயுள் போதாமல் போகலாம்.

அதே மலைச் சாலைகளில் எல்லைச் சாலைகள் அமைப்பு வைத்த எச்சரிக்கை வாசகங்களும் உண்டு. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் அந்த வேடிக்கை வரிகளின் முன் நின்று பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள். அதுவும் மலையில் எழுதிய எழுத்துதானே என்று ஒருவர் கேட்கலாம். அதைப் படித்து ஓட்டுநர் பிரேக்கில் கால் வைப்பார் என்பதும், கல்நட்டுப் பலகையாக வைத்ததைப் பெயர்த்து எடுத்துவிடலாம் என்பதும் வேறுபாடுகள்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. இமாசலச் சட்டத்துக்கு 26 ஆண்டுகள் முன்பே, 1959-இல், திறந்தவெளி இடங்களைச் சீர்குலைப்பதைத் தடுக்கும் சட்டம் இங்கே இயற்றப்பட்டது. ஆயினும் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது பாறைகளைப் பார்த்துக்கொண்டே வந்தால் கட்சிப் பெயர், வேத வசனம், ஜவுளிக்கடை, காதலர் இருவரின் முதலெழுத்துகள் என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம். பழைய தேர்தலின் சின்னத்துக்கு மேல் புதிய தேர்தலின் சின்னம் ஏறியிருக்கும். பூச்சு உதிர்ந்த இடங்களில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் கல்பாசி படரத் தொடங்கியிருக்கும்.